ஊருக்கே ஒரே அம்மா

போன வாரம் ஆழ்வார்குறிச்சியிலிருந்து மதினி போன் செய்தார். அழுகையில் பேச்சே வரவில்லை.

"தம்பி... அண்ணன் லெட்டரெல்லாம் போச்சு."

லெட்டர் என்று மதினி சொல்வது இமெயிலை. அண்ணன் மஸ்கட்டில் வேலை பார்த்தபோது அனுப்பியவை. அண்ணன் இறந்து மூன்று வருடமாகிறது. காலைக் காபியோடு அதில் ஒன்றையாவது படிக்காவிட்டால் மதினிக்குப் பொழுது விடியாது. பழைய போன் பாபநாசம் படித்துறையில் நழுவித் தண்ணீருக்குள் போய்விட்டது. புது போன் பாஸ்வேர்டு கேட்கிறது. யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

நேரில் போனேன். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று தட்டினேன். பழைய கணக்கல்லவா, பழைய ரகசியக் கேள்வியையே கேட்டது. உங்கள் அம்மாவின் பெயர் என்ன?

இதெல்லாம் ஒரு கேள்வியா! மதினியின் அம்மா கோமதி. அடித்தேன். தவறு என்றது. இனிஷியலோடு அடித்தேன். அதுவும் தவறு. இன்னும் ஒரே முறைதான், பிறகு பூட்டிவிடுவோம் என்று மிரட்டியது. மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் தம்பி. பைய யோசிப்போம்."

இமெயில் இலவசம் என்று வந்த புதிதில் நமக்கு நம்பிக்கையே இல்லை. தபால் கார்டுக்கே காசு வாங்குகிற உலகத்தில், கடல் தாண்டும் கடிதம் சும்மாவா? அதுவும் எந்த ஊர்க் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் நம் பெட்டி திறக்குமாம்! ஓரத்தில் விளம்பரம் ஓடும் - அதுதான் அவர்களுக்குக் கூலி. நாலு போட்டோ வந்தால் பெட்டி நிறைந்துவிடும். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்க முடியுமா? பிறகு கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு இடத்தை அள்ளிக் கொடுத்தன. அதுவரை மதினி போட்டோக்களை அழித்தாரே தவிர, அண்ணன் எழுதியதில் ஒரு வரியைத் தொடவில்லை.

அந்தக் கணக்கை ஆரம்பித்துக் கொடுத்தவர் அம்பாசமுத்திரத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த செல்லையா அண்ணாச்சி. இப்போது உரக்கடை. போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

"அவ அம்மை பேரைப் போட்டா எப்படிவே தெறக்கும்? எங்கம்மை பேரைப் போடும்."

"என்னது?"

"என்னத்தப் போட்டோம்னு மறந்துட்டு எங்கிட்டதான வந்து நிப்பிய? அதான் வந்த ஆளுக்கெல்லாம் எங்கம்மை பேரையே போட்டுட்டேன். எனக்கு மறக்காதுல்லா!"

அவர் சொன்னபடியே இசக்கியம்மாள் என்று அடித்தேன். திறந்துவிட்டது!

அண்ணனின் முதல் மெயில். ஆங்கில எழுத்தில் தமிழ். 'நான் சுகம். என்னை நெனச்சுக்கிட்டு சாப்பிடாம இருக்காத.' மதினி வாய்விட்டுப் படித்தார். "இப்பவும் அதிகாரத்தப் பாரு..." என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார்.

கிளம்பும்போது என் படித்த புத்தி சும்மா இருக்குமா?

"மதினி, அந்த அம்மா பேரை மாத்திருவோம். ஊர்ல பாதிப் பேரு பெட்டிக்கு அதுதான் சாவி. ஆபத்து."

"நல்லாருக்கு தம்பி! காரியம் முடிஞ்சதும் தாயை மாத்தச் சொல்லுதியளே?"

மாற்றவில்லை. ஆனால், இதைப் படித்துவிட்டு யாரும் முயற்சி செய்ய வேண்டாம் - இசக்கியம்மாள் என்பது உங்களுக்காக நான் மாற்றி வைத்த பெயர்!