இரண்டு கோடு போட்ட தையல்காரர்

என் அக்கா வீட்டுக்காரர் தையல்காரர். பேட்டைக் கையில் கொடுத்தால் ஈ ஓட்டுவதுபோல வீசுவார். பந்து போடச் சொன்னால் அது ஸ்டம்பைத் தவிர எல்லாப் பக்கமும் போகும். இருந்தாலும், ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு அணிக்கும் சந்தைக்காரர்கள் அணிக்கும் ஆட்டம் என்றால், எல்லாருக்கும் முன்னால் மைதானத்தில் நிற்பவர் அவர்தான். எல்லைக்கோடு போடுவது அவர் வேலை. யாரும் கொடுத்ததில்லை, அவராக எடுத்துக்கொண்டது.

நடுவில் ஒரு முளையடித்துக் கயிற்றைக் கட்டுவார். மறுமுனையை இழுத்துப் பிடித்தபடி சுற்றி வருவார். இன்னொரு கையில் அடியில் ஓட்டை போட்ட பால் பவுடர் டப்பா. தட்டத் தட்டச் சுண்ணாம்புத் தூள் விழும். குடைப் பாவாடைக்கு வட்டம் வெட்டுகிற அதே கணக்குதான் என்பார். முடித்ததும் நடுவில் வந்து நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுற்றிலும் பார்ப்பார். அப்போது அவர் முகத்தில் இருக்கும் சந்தோஷத்தை நான் அவருடைய கல்யாண போட்டோவில்கூடப் பார்த்ததில்லை.

முன்பெல்லாம் செருப்பும் செங்கல்லும்தான் எங்கள் எல்லை. ஃபோரா இல்லையா என்று வாராவாரம் அடிதடி. மைதானம் பக்கத்து மரக்கடை முதலாளியுடையது. ஒருநாள் ஒருவர் சட்டை கிழிந்ததும் அவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"இன்னொரு தடவை சண்டை வந்துச்சு, கேட்டைப் பூட்டிடுவேன். வேற இடம் பாத்துக்குங்க."

எங்களுக்கு வேறு இடம் கிடையாது. அதற்குப் பிறகுதான் மச்சான் டப்பாவைத் தூக்கினார். சண்டையும் நின்றது.

போன மாதம்தான் வினை வந்தது. கடைசிப் பந்து, எங்களுக்கு நான்கு ரன் வேண்டும். நான் ஓங்கி அடித்தேன். சுவர்ப் பக்கம் உருண்டு போன பந்தை, சந்தை அணியின் கேப்டனான வெங்காயக் கடைக்காரர் விழுந்து பிடித்தார். ஃபோர் என்று நாங்கள் குதித்தோம். இல்லவே இல்லை என்று அவர் கையை ஆட்டினார். ஓடிப்போய்ப் பார்த்தால், சுவரோரம் ஓரடி இடைவெளியில் இரண்டு கோடுகள். பந்து சரியாக நடுவில்.

கேட் பக்கம் உட்கார்ந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த மரக்கடை முதலாளி பூட்டோடு நாற்காலியை விட்டு எழுந்தார். மச்சானுக்கு வேர்த்துக் கொட்டியது.

"கயிறு கல்லுல மாட்டி, முதல் கோடு உள்ள வந்துடுச்சு. அப்புறம் வெளிய சரியாப் போட்டேன்."

"தப்பான கோட்டை ஏன் அழிக்கல?" என்றேன்.

"துணியில அழிக்கமாட்டோமே."

உண்மைதான். துணியில் எத்தனை கோடு கிடந்தாலும் எதில் வெட்டுவது என்று அவருக்குத் தெரியும். மைதானத்தில் அது மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

"வெளிக்கோடுதான் சரி. ஃபோர் இல்ல" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சொந்த மச்சினனுக்கே வேட்டு வைக்கிறீங்களா?"

ஜெயித்த வெங்காயக் கடைக்காரருக்கும் ஆத்திரம் அடங்கவில்லை. "விடாதீங்க தம்பி, நல்லாக் கேளுங்க. ஒரு கோடு போடச் சொன்னா ரெண்டு போட்டு நம்ம உசுர வாங்குறாரு."

"இவர்கிட்ட சட்டை தைக்கக் கொடுத்தா மூணு கை வச்சுத் தருவாரு" என்றார் எங்கள் விக்கெட் கீப்பர். சந்தைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இரண்டு அணியும் தோளோடு தோள் நின்று, மாற்றி மாற்றி அவரை வறுத்தெடுத்தோம். அவர் டப்பாவை அணைத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார். எனக்கே கொஞ்சம் பாவமாகிவிட்டது.

பக்கத்தில் வந்த முதலாளி எங்களையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். பூட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அடுத்த வாரம் ஒரு விளக்குமாறும் எடுத்துட்டு வாங்க" என்றார் மச்சானிடம்.

வீட்டுக்குத் திரும்பும்போதும் நான் முறைத்துக்கொண்டேதான் சைக்கிளை மிதித்தேன். அவர் பின்னால் உட்கார்ந்து என் முதுகைத் தட்டினார்.

"அடுத்த வாரம்னு சொன்னாரு, கேட்டியா?"