ஆலை வாசலில் பிரெஞ்சு சினிமா

கோலாலம்பூரில் சினிமா படித்தேன். அப்பா பக்கவாதத்தில் விழுந்ததும் சொந்த ஊரான குருணுக்குத் திரும்பி, கையுறை ஆலையில் தரச் சோதனை வேலைக்குச் சேர்ந்தேன். மாதத்தில் ஒரு ஞாயிறு, தேவாலயத்தின் பின்னாலுள்ள மண்டபத்தில் படம் போட்டுப் பேசும்படி பங்குத்தந்தை கேட்டிருந்தார்.

அந்த மாதம் பிரெஞ்சு சினிமாவின் கதை. காலை ஷிப்ட் முடித்து நேரே வந்திருந்ததால் பேசும்போதே கண் சொருகியது. ஸ்டூடியோவை விட்டுத் தெருவில் இறங்கிப் படமெடுத்த பிரெஞ்சு இளைஞர்களைப் பற்றிச் சொன்னேன். அவர்களைப் பார்த்து உலகம் முழுக்க, இந்தியாவிலும்கூட, கையில் காசில்லாதவர்களுக்கும் படமெடுக்கும் துணிச்சல் வந்ததைச் சொன்னேன். கடைசியாக, அந்த நாட்டில் சினிமா பிறந்த காலத்துக் காட்சி ஒன்றைப் போட்டேன். ஒரு நிமிடம்கூட ஓடாது. ஆலைக் கதவு திறக்கிறது, தொழிலாளர்கள் வெளியே வருகிறார்கள். அவ்வளவுதான்.

என்னோடு ஒரே வரிசையில் வேலை செய்யும் அக்காவும் வந்திருந்தார்.

"என்ன தம்பி, ஒருத்தர் மொகத்துலயும் களைப்பே இல்ல. வேலை முடிஞ்சா நாம இப்படியா வர்றோம்?"

"பல தடவை எடுத்தாங்கக்கா. ஒரு தடவை எல்லாரும் நல்ல உடுப்புல வந்திருந்தாங்க."

"எடுத்தது யாரு?"

"ஆலை முதலாளிங்கதான்."

"அதான்லா."

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் வாசலையும் எடுத்தால் என்ன என்று தோன்றியது. அக்காவிடம் கேட்டேன். "எடுத்துக்க," என்றார்.

எனக்கு விடுமுறையான ஒரு நாள் போனோடு போனேன். வாசலில் காவலுக்கு நின்ற ஜாகா விடவில்லை. எதிர்ப்பக்கப் பேருந்து நிறுத்தத்தில் நின்று எடுத்தேன். ஷிப்ட் விட்டது. யாரும் பேசிக்கொள்ளவில்லை. அக்கா வெளியே வந்து, சாலையோரக் கட்டையில் உட்கார்ந்து, காலணியைக் கழற்றிக் காலை நீவிவிட்டார். ஆலைப் பேருந்து வந்து ஹாரன் அடித்தபின்தான் எழுந்தார். எழ இரண்டு கையையும் ஊன்ற வேண்டியிருந்தது.

அடுத்த மாதம் மண்டபத்தில் போடுவதற்கு முன் அவரிடம் மட்டும் காட்டினேன். பார்த்து முடித்தும் போனைத் திருப்பித் தரவில்லை.

"நானா இது?"

"ஆமாக்கா."

"நான் இப்படியா நடக்குறேன்?"

காட்சியை மறுபடி ஓட்டிப் பார்த்தார்.

"யாருக்கும் காட்டாத தம்பி. பண்டார் பாரு டவுன்ல எம்மவ இருக்கா. பாத்தா அழுவா."

அவர் கண்முன்னே அழித்தேன். நான் எடுத்ததில் நல்ல படம் அது ஒன்றுதான். கொஞ்சம் வலித்தது.

மறுநாள் சூப்பர்வைசர் ஓவர்டைமுக்கு ஆள் கேட்டபோது அக்கா தலையாட்டி மறுத்தார். "இனிமே வேணாம்லா," என்றார். ஒன்றாக வேலை செய்த வருடங்களில் அவர் மறுத்து நான் கேட்டதில்லை. சூப்பர்வைசர் என் பக்கம் திரும்பினார். அப்பாவின் மருந்து நினைவுக்கு வந்தது. சரி என்றேன்.

அதன்பின் ஞாயிறுகளிலும் இரவுவரை வேலை. மண்டபத்துப் பேச்சு நின்றுபோனது. பங்குத்தந்தை எப்போதாவது கேட்பார். கொஞ்சம் ஓய்வு கிடைக்கட்டும் என்பேன்.