சகாயத்துக்கு நான் கற்றுக்கொடுத்த பயம்

தாராளமாகப் பேசிக்கொண்டிருந்த ஒருவனை நான் ஊமையாக்கினேன். அடிக்கவில்லை, மிரட்டவில்லை. நண்பனைப் போல் பக்கத்தில் உட்கார்ந்து, சொல்லிக்கொடுத்தே ஊமையாக்கினேன்.

தாராளமாக என்றால் திக்காமல் என்று நினைக்காதீர்கள். சகாயம் திக்குவான். நன்றாகவே திக்குவான். ஆனால் அதற்காக ஒரு நாளும் அவன் வாயை மூடியதில்லை.

எனக்கும் திக்கும். அது யாருக்கும் தெரியாது...

உங்களுக்கு இது புரியுமா? திக்குவது ஒரு நொடி. அது வரப்போகிறது என்று முன்னாலேயே தெரிவதுதான் சித்திரவதை. பேச ஆரம்பிக்கும்போதே, நாலு சொல் தள்ளி ஒரு 'க' நிற்பது எனக்குத் தெரிந்துவிடும். உடனே வேறு சொல்லுக்குத் தாவுவேன். தாவ இடமில்லையா, இருமுவேன். போன் வந்ததுபோல் வெளியே போவேன். எனக்குப் பிடித்தது காபி. இத்தனை வருடமாகக் கடையில் டீதான் கேட்கிறேன்!

துபாய் அல் கூஸில், ஏசி காற்று போகும் தகரக் குழாயான டக்ட் செய்யும் பட்டறையில் எனக்கு வேலை. சொந்த ஊர் அறந்தாங்கிப் பக்கம். சகாயம் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரன். இருவருக்கும் ஒரே வயது, ஒரே அறை. அவன் கீழ்க் கட்டில், நான் மேல் கட்டில்.

வந்த அன்றே அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னான். "ம... ம... மக்கா, எனக்கு நாக்கு இழுக்கும். அவசரம் இருக்கப்பட்டவன் போயிரு. இல்லாதவன் நில்லு, கேட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அத்தோடு முடிந்தது! நான் உயிரைக் கொடுத்து ஒளித்துவைத்ததை அவன் செருப்பு மாதிரி வாசலில் கழற்றிப் போட்டுவிட்டான். எனக்கு அவன்மேல் மரியாதையா வந்தது? இல்லை. வெறுப்பு வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகளோடு வீடியோவில் பேசுவான். கதை சொல்வான். "அப்போ கடலுக்குள்ள இருந்து ஒரு மு... மு..." என்று சிக்கிக்கொள்ளும்போது அந்தக் குட்டி அங்கிருந்து கத்தும். "சொல்லாதப்பா! நான் சொல்லுதேன்! முதலை! முயலு!" இருவருக்கும் அது விளையாட்டு. அறை மூலையில் சமைக்கிறவன்கூடக் கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்பான். நான் போர்வைக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பேன்.

பழைய ஃபோர்மேன் ஊருக்குப் போவதாக இருந்தது. எங்கள் இருவரில் ஒருவனுக்கு அந்த இடம். மலையாளி எஞ்சினியர் சொன்னார், "ஆளுக்கு ஒரு வாரம் காலை மீட்டிங் நடத்துங்க. பார்த்துட்டுச் சொல்றேன்."

காலை மீட்டிங் என்றால், ஆட்களை வரிசையில் நிறுத்தி, தாளைப் பார்த்துப் பெயர் கூப்பிட வேண்டும். பிறகு கையுறை, தகடு, ஏணி என்று இந்தியில் நாலு எச்சரிக்கை.

பெயர்! மற்ற சொல்லையெல்லாம் மாற்றலாம். ஒருவன் பெயரை எப்படி மாற்றுவது?

எங்கள் வரிசையில் பாதிப் பேர் முகமது. முகமது ஆரிஃப், முகமது சலீம், முகமது நசீர்... சகாயத்துக்கு 'ம'தான் எமன். ஆனால் அவனுக்கு அது பொருட்டே இல்லை. ஃபோர்மேன் காய்ச்சலில் படுத்த ஒரு நாள் அவன்தான் பெயர் கூப்பிட்டான். "மு... மு..." என்றதும் எல்லா முகமதுகளும் சேர்ந்து "ஹாஜிர், பாய்!" என்று ஆஜர் சொல்லிக் கூவினார்கள். சிரித்துக்கொண்டே வேலைக்குப் போனார்கள். இவன் ஜெயித்துவிடுவான் என்று அன்றே தெரிந்தது.

துணி காயப்போடும் இடத்துக்கு அவனைக் கூட்டிப்போனேன்.

"எனக்கும் திக்கும்டா," என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவனிடம் அதைச் சொன்னேன். அந்த ஒரு உண்மையைக்கூடத் தூண்டில் புழுவாகத்தான் பயன்படுத்தினேன்!

அவன் கண் விரிந்தது. "உனக்கா? ஒரு நாளும் கேட்டதில்லயே, லே!"

"அதுக்கு வழி இருக்கு. ஃபோர்மேன் ஆகப்போறவன் ஜோக்கர் மாதிரி நிக்கலாமா? நீ அந்தப் பக்கம் போனதும் அவனுங்க எப்படிச் சிரிக்கிறானுங்க தெரியுமா?"

பொய். எவனும் சிரிக்கவில்லை.

"நெசமாவா?" என்றான். மெதுவாகக் கேட்டான்...

அன்றிலிருந்து பாடம். வரப்போகும் சொல்லை முன்னாலேயே தேடு. 'ம' தெரிந்தால் தாவு. முடியாவிட்டால் இருமு. போனில் மாட்டிக்கொண்டால் நெட் சரியில்லை என்று சொல்லி வை. அவன் பேசும்போதெல்லாம் காதருகே நின்று, "வருது பாரு... வருது..." என்பேன். சில நாளிலேயே அவன் முகத்தில் என் முகத்தைப் பார்த்தேன். பேசுமுன் கண் அங்குமிங்கும் ஓடும் அதே முகம்!

முதலில் அவனுடைய வாரம் வந்தது. முதல் நாள் தாளை எடுத்தான். முதல் பெயர் முகமது ஆரிஃப். உதடுகள் ஒட்டிக்கொண்டன. திக்கக்கூட இல்லை. சத்தமே வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. இருமினான். மறுபடி இருமினான்.

"கியா ஹுவா, பாய்?" என்ன ஆச்சு என்று கேட்டான் ஆரிஃப். பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். இந்த முறை சகாயம் சேர்ந்து சிரிக்கவில்லை.

"மதி, மதி. கலாஸ்," போதும், முடிந்தது என்று எஞ்சினியர் தாளைப் பிடுங்கி என்னிடம் கொடுத்தார்.

நான் அதைப் பக்கத்தில் நின்ற பீகார்க்காரனிடம் நீட்டினேன். "பாய், நீ படி. நான் தலை எண்ணுறேன்," என்று இந்தியில் சொன்னேன். வேலையைப் பிரித்துக் கொடுக்கத் தெரிந்தவன் என்று எஞ்சினியர் என் தோளைத் தட்டினார்.

அந்த ஒரு தந்திரத்தை மட்டும் நான் சகாயத்துக்குச் சொல்லவில்லை. அவன் என்னைப் பார்த்தான். புரிந்துகொண்டான்.

இன்று நான் ஃபோர்மேன். தினமும் யாராவது எனக்காகப் பெயர் படிக்கிறார்கள். பயத்தில் செய்தேன் என்று சொன்னால் நீங்கள் இரங்குவீர்கள். இரங்காதீர்கள்! அவன் நாக்கு அடைத்து நின்ற அந்த நேரம் எனக்கு இனித்தது.

ஒருமுறை பேசலாம் என்று போனேன். "சகாயம், நான்..." என்றேன். அவன் இருமினான். போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தான். போன் அடிக்கவே இல்லை.

போன ஞாயிறு. மதியம். கீழ்க் கட்டிலிலிருந்து அந்தக் குட்டியின் குரல் கேட்டது. "அப்பா, கதை... ஏம்ப்பா ஒண்ணும் பேச மாட்டேங்குத? நான் சொல்லித் தாரேன்ப்பா, நீ ஆரம்பி!"

கரண்டிச் சத்தம் நின்றது. சமைக்கிறவன் காத்திருந்தான். நானும் காத்திருந்தேன்.

"நெட் சரியில்ல," என்றான் சகாயம்.

என் போனில் நெட் முழுதாக இருந்தது. அவன் ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்...