எது வெள்ளை என்று கேட்டார்

போன வருஷம் சாமை அறுப்பு முடிந்து மலையில் பனி இறங்கத் தொடங்கிய சமயம். ஒடுகத்தூர் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு போட்டோ கடையில் நடந்தது இது. நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். எழுதலாமா வேண்டாமா என்று தயங்கித் தயங்கித்தான் இதை எழுதுகிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் ஜவ்வாது மலையில் இருக்கிறது. வீட்டில் நானும் வீட்டுக்காரரும் மட்டும்தான். மகன் கேரளாவில் ஏலக்காய் எஸ்டேட்டில் வேலை செய்கிறான். வீட்டுக்காரருக்கு ஒரு காய்ச்சல் வந்து போனதிலிருந்து காது மந்தம். நினைப்பும் விட்டு விட்டுத்தான் வரும். மலையில் இருக்கிறவரைக்கும் அதனால் தொந்தரவு இல்லை. வழி தவறி எந்தக் கொல்லையில் போய் நின்றாலும் யாராவது கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டுவிடுவார்கள்.

அறுப்பு சமயத்தில் காலேஜில் படிக்கிற பெண் ஒன்று சாமைக் கதிரைப் படம் எடுக்க வந்திருந்தது. கையில் பெரிய கேமரா. கிளம்புகிற அன்றைக்கு எங்கள் ரெண்டு பேரையும் பலா மரத்தடியில் நிற்க வைத்து ஒரு படம் எடுத்தது. கலியாணம் ஆன நாளிலிருந்து நாங்கள் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் ஒன்றுகூடக் கிடையாது. கேமராவின் முதுகில் சின்னதாக ஒரு கண்ணாடி இருந்தது. அதில் காட்டியது. நாங்கள் ரெண்டு பேரும் அதற்குள் நின்றோம். என் கண்ணாலேயே பார்த்தேன். இதைப் பெரிசாகக் கொடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதுவாகவே புரிந்துகொண்டு ஒரு பென் டிரைவில் போட்டு என் கையில் கொடுத்தது. கேமராவில் இருக்கிறது அப்படியே இதில் இருக்கிறது, கீழே போட்டோ கடையில் கொடுத்தால் போட்டுத் தருவார்கள் என்றது. ஜீப் கிளம்புகிற அவசரத்தில் அதன் போன் நம்பரை வாங்கி வைக்க எங்களுக்குத் தோன்றவில்லை.

அவருக்கு மாத்திரை வாங்க ஒடுகத்தூருக்கு இறங்கின அன்றைக்கு அந்தக் கடைக்குப் போனோம். அவருக்கு அடைத்த இடம் பிடிக்காது. வெளியே படியில் உட்காருகிறேன் என்றார். கையில் ஒரு வடையைக் கொடுத்துவிட்டு நான் உள்ளே போனேன்.

கடைக்காரருக்கு நாற்பது வயசு இருக்கும். பென் டிரைவைக் கம்ப்யூட்டரில் சொருகினார். தட்டினார், திரும்பவும் தட்டினார். முகம் சுருங்கியது.

"படம் உள்ள கீது ஆயா. ஆனா தெறக்க மாட்டேங்குது."

இருக்கிற படம் ஏன் திறக்காது என்று எனக்கு விளங்கவில்லை. திரையைக் காட்டினார். எழுதாத காகிதத்தை வரிசையாக ஒட்டினது போல இருந்தது. ஒன்றிலும் எங்கள் முகம் இல்லை. கேமராவில் பார்த்தேனே என்று மெதுவாகச் சொன்னேன். இது ரா பைல், புது கேமராவில் எடுத்தது, என்னிடம் இருப்பது பழைய சாப்ட்வேர், அதற்கு இது புரியாது என்று ஏதேதோ சொன்னார். நான் பென் டிரைவை வெற்றிலைப் பையில்தான் வைத்திருந்தேன். சுண்ணாம்பு பட்டுக் கெட்டுப்போய்விட்டது, அவர் என் மனசு நோகக்கூடாது என்று வேறு காரணம் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பேசாமல் அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

படியில் அவர் இல்லை.

பக்கத்து டீக்கடையில் பார்த்தேன். மூத்திரம் போகிற சந்தில் பார்த்தேன். பஸ் நிற்கிற இடத்துக்கு ஓடினேன். கூட்டம், ஆட்டோ, பஸ், எல்லாருடைய முதுகும் அவர் முதுகு மாதிரியே இருந்தது. யாரிடமாவது கேட்க வேண்டும் என்று தெரிகிறது. என்ன கேட்பது, எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. திரும்ப அந்தக் கடை வாசலுக்கே வந்து நின்று அழுதேன். கடைக்காரர் எழுந்து வந்தார்.

"இன்னா ஆயா, படத்துக்கா அழுவுற?"

விஷயம் தெரிந்ததும் மனுஷர் மாறிப்போனார். கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டார். வயசானவர் ஒருத்தர் வேலூர் பஸ்ஸில் ஏறினதைப் பார்த்த மாதிரி இருக்கிறது என்றார் ஒரு டிரைவர். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. எந்த பஸ் என்றும் தெரியவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் கடைக்காரர்தான் பேசினார். எழுதிக்கொண்டார்கள். ஒரு போட்டோ இருந்தால் எல்லா இடத்துக்கும் அனுப்பிவிடலாம் என்றார்கள்.

போட்டோ எங்கே இருக்கிறது? ஆதார் கார்டு வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. மலைக்குப் போய்த் திரும்புவதற்குள் இருட்டிவிடும். அதிலும் அவர் மொழுமொழுவென்று சவரம் பண்ணின முகத்தோடு, வேறு யாரோ மாதிரி இருப்பார். இப்போது வேண்டுதலுக்காகத் தாடி வளர்த்திருந்தார். மகனுக்குப் போட்டால் லைன் போகவில்லை. அவர் முகம் உள்ள ஒரே படம் என் கைக்குள் இருந்தது. அது திறக்காது.

கடைக்குத் திரும்பினால் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். பாஸ்போர்ட் போட்டோவுக்காக வந்தவர். ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். மடியில் ஒரு பை. இந்த நேரம் பார்த்து எங்கேய்யா போனீர் என்று கடைக்காரரைக் கேட்டார். கடைக்காரர் நடந்ததைச் சொன்னார். அந்த அம்மா என்னைப் பார்த்தார், பிறகு என் கையைப் பார்த்தார்.

"குடுங்கம்மா, ஒருவாட்டி பாக்கலாம்."

பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தார். நான் நினைத்தது, கடைக்காரர் மாதிரியே திரையில் அம்புக்குறியை நகர்த்திப் படத்தைத் தட்டுவார் என்று. அவர் கறுப்பாக ஒரு ஜன்னல் திறந்தார். அதில் படமும் இல்லை, பொத்தானும் இல்லை. வெறும் கறுப்பு. அதில் இங்கிலீஷில் ஒரு வரி எழுதினார்.

"படம் தெறக்கச் சொன்னா டைப்பிங் பரீட்ச எழுதுறீங்களேம்மா" என்றார் கடைக்காரர்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. கறுப்புக்குள்ளே பதிலுக்கு ஒரு வரி வந்தது. படித்துவிட்டு உச்சுக் கொட்டினார்.

"அதுக்கும் புரியலையாம்மா?" என்று கேட்டுவிட்டேன். அன்றைக்கு முன்பின் தெரியாத ஒருத்தரிடம் நானாகக் கேட்ட முதல் பேச்சு அதுதான்.

"அதுக்குப் புரியும்மா. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு படத்துக்கு வெச்ச பேருக்கு நடுவுல இடம் விட்டிருக்குது, இது ரெண்டு படம்னு நெனச்சுக்கிச்சு."

திரும்ப எழுதினார். எழுதிக்கொண்டே எனக்குச் சொன்னார். கேமரா, மேலே விழுந்த வெளிச்சத்தை அளந்து அளந்து எண்ணாக வைத்திருக்கிறதாம். இன்னும் படமாக ஆக்கவில்லையாம். அதைப் படமாக ஆக்கச் சொல்லித்தான் இந்த வரியாம். நான் தலையை ஆட்டினேன். ஒன்றும் புரியவில்லை. வெளிச்சத்தை எப்படி அளப்பது? கேமராவில் அவ்வளவு அழகாகத் தெரிந்ததே, அது படம் இல்லாமல் என்ன? அதைக் கேட்டதற்கு, அது பார்ப்பதற்காகக் கேமரா காட்டுகிற சின்ன மாதிரி என்றார். இன்னும் குழம்பிப்போனேன். அவரை எங்கே தேடுவது என்று ஒரு பக்கம் மனசு பறக்கிறது, இங்கே எண்ணு, எழுத்து என்று கணக்குப் பாடம் நடக்கிறது. இவர் நம்மை வைத்து வேறு ஏதோ பண்ணுகிறாரோ என்றுகூட ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது. எழுந்து ஓடிப்போய் பஸ்ஸில் ஏறிவிடலாமா என்றிருந்தது. எந்த பஸ்ஸில்?

படம் வந்தது. திரையில் யாரோ ரெண்டு பேர் பாசி பிடித்த குட்டைத் தண்ணீருக்குள் நிற்பது போல, ஒரே மங்கல், ஒரே பச்சை. இது இல்லை என்றேன். என் வீட்டுக்காரரை எனக்கே அடையாளம் தெரியவில்லை. அந்த அம்மா படத்தைப் பெரிசாக்கி மூக்கைக் காட்டினார், தாடியைக் காட்டினார். அவர்தான். மரத்து நிழலில் எடுத்ததால் இலையின் நிறம் எல்லாவற்றிலும் ஏறியிருக்கிறது, இப்படியே அனுப்பினால் எவருக்கும் ஆள் தெரியாது என்றார். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"இதுல நெஜமாலுமே வெள்ளையா இருக்கிறது எதும்மா? நீங்க அங்க இருந்தவங்க. நீங்கதான் சொல்லணும்."

என்னைக் கேட்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன். கடைக்காரரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வேட்டி என்றேன். வேட்டி வெள்ளைதானே. அந்த அம்மா வேட்டியின் இடத்தை அளந்து ஏதோ எண்களைச் சேர்த்து ஒரு வரி எழுதினார். இந்த முறை எல்லாம் நீலமாக வந்தது. சொட்டு நீலத்தில் முக்கி எடுத்தது போல அவர் முகம், என் முகம், பலா மரம். அவர் தோளில் கிடந்த செம்மண் நிறத் துண்டு கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது. அன்றைக்கும் அதே துண்டுதான் போட்டிருந்தார். இதை வைத்து எப்படி ஆள் தேடுவது?

"ஆயா, அந்த வேட்டிய எதுல தோய்க்கிற?" என்று கேட்டார் கடைக்காரர்.

ஓடைத் தண்ணீரில்தான். அறுப்பு முடிகிறவரைக்கும் செம்மண்ணில் புரண்ட வேட்டி. எத்தனை தோய்த்தாலும் பழுப்புத்தான். எங்கள் கண்ணுக்கு அது வெள்ளை. எனக்கு அவமானமாகப் போய்விட்டது. இன்னொரு தடவை சொல்லவே பயமாக இருந்தது. அந்த அம்மா அவசரப்படுத்தவில்லை. படத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். அவர் போக வேண்டிய பஸ் வெளியே ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பியது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மரத்துக்குப் பின்னால் சாமை காயப்போட்டிருந்த பிளாஸ்டிக் சாக்கு தெரிந்தது. அன்றைக்குத்தான் பிரித்த புது வெள்ளைச் சாக்கு. விரலை வைத்துக் காட்டினேன். இதுவும் தப்பாக இருந்துவிடுமோ என்று அந்த அம்மா முகத்தையே பார்த்தேன்.

மறுபடி ஒரு வரி. கொஞ்ச நேரம் கறுப்பு ஜன்னல் சும்மா இருந்தது. பிறகு திரையில் என் வீட்டுக்காரர் வந்தார். வெயிலில் கறுத்த அந்த முகம், வெள்ளைத் தாடி, செம்மண் துண்டு. திரையைத் தொடப்போன கையை இழுத்துக்கொண்டேன்.

அவர் மட்டும் போதும், என்னை வெட்டிவிடுங்கள் என்று சொன்னேன். ஊரெல்லாம் போனில் என் முகம் போவதை நினைத்தாலே உடம்பு கூசியது. அந்த அம்மா வெட்டினார். என் கை மட்டும் அவர் புஜத்தைப் பிடித்தபடி நின்றுவிட்டது. அதை வெட்டினால் அவர் தோளும் போய்விடும், இருக்கட்டுமா என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

கடைக்காரர் அதை ஸ்டேஷனுக்கு அனுப்பினார். ஆட்டோக்காரர்கள் குரூப்பில் போட்டார். அவர்கள் தெரிந்த டிரைவர், கண்டக்டர்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். அந்த அம்மா அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார். போகும்போது என் தோளைத் தொட்டு, வந்துடுவாரும்மா என்று மட்டும் சொன்னார். பேர் என்ன, எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை.

சாயங்காலம் கணியம்பாடியிலிருந்து போன் வந்தது. ரோட்டோரம் பூ விற்கிற ஒரு பெண் பேசியது. தாத்தா என் கடை பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார் என்றது. ஆட்டோ டிரைவர் ஒருவரே என்னை அங்கே கூட்டிப்போனார். பிறகுதான் விவரம் புரிந்தது. ஒடுகத்தூரில் வேலூர் பஸ்ஸில் ஏறியிருக்கிறார். வேலூரில் யாரிடமோ ஜவ்வாது மலை என்று சொல்ல, அமிர்தி வழியாகப் போகலாம் என்று அவர்கள் நல்ல எண்ணத்தில் அந்தப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். வழியில் கணியம்பாடியில் மலை கண்ணுக்குத் தெரிந்ததும் இறங்கிவிட்டார்.

தெரிந்த கண்டக்டர் ஒருவரிடமிருந்து பூக்காரப் பெண்ணுக்குப் போனில் படம் வந்ததும் சந்தேகப்பட்டு அவரிடமே காட்டியிருக்கிறது. இது யார் என்று கேட்டதற்கு, உற்றுப் பார்த்துவிட்டு, தெரியலையே என்றாராம். பிறகு விரலை வைத்து என் கையைக் காட்டினாராம்.

"இது எங்க வூட்டுக்காரி கையி. அவ எங்க கீறா?"

அதைச் சொல்லும்போது அந்தப் பெண்ணுக்கே கண் கலங்கியது. நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபமாக இருந்தார்.

"எங்க போய்ட்ட நீ? காலையிலேந்து தேடுறேன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தக் கறுப்பு ஜன்னலில் அந்த அம்மா என்ன எழுதினார் என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வெளிச்சத்தை எண்ணாக அளந்தது, அந்த எண்ணிலிருந்து அவர் முகம் வந்தது, ஒரு சாக்கைக் காட்டினதும் நிறமெல்லாம் திரும்பினது, எதுவும் விளங்கவில்லை. மகனிடம் சொன்னால் அவனும் சிரிக்கிறானே தவிர விளக்கத் தெரியவில்லை. ஆனால் ஒன்று. முன்பெல்லாம் எனக்குப் புரியாத காரியம் நடந்தால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பின்னால் ஒதுங்கிவிடுவேன். இப்போது கூச்சம் இருக்கத்தான் இருக்கிறது, ஆனாலும் என்னையும் யாராவது ஒன்று கேட்கக்கூடும் என்று கொஞ்சம் முன்னால் வந்து நிற்கிறேன்.