கமிஷனரின் ஆறாவது விதி

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தின் சூப்பர்வைசருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. மற்றபடி இஸ்திரிக்காரர் முதல் வேன் டிரைவர் வரை எல்லோருக்கும் அவள் 'கமிஷனர்'. ஃபேண்டஸி ஃபுட்பால் என்கிற போன் விளையாட்டில் அவர்களுக்கெல்லாம் லீக் நடத்துகிறவள் அவள்; நடத்துகிறவர்களுக்கு அதுதான் பட்டம். நிஜப் போலீஸ் கமிஷனருக்குக்கூட இவள் அளவுக்கு அதிகாரம் இருக்குமா என்பது சந்தேகம்தான்.

விளையாட்டு லேசானது. நிஜமான கால்பந்து வீரர்களில் ஆளுக்குப் பதினைந்து பேரை முறைவைத்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் எடுத்தவரை மற்றவர் தொடக்கூடாது. அந்த வீரர் எங்கேயோ கோல் போட்டால் இங்கே எடுத்தவருக்குப் புள்ளி. யாரும் வியர்வை சிந்த வேண்டாம், சண்டை மட்டும் போட்டால் போதும். வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்குள் யார் இறங்குவது, யார் உட்காருவது என்று போனில் மாற்றிவிட வேண்டும். ஏழு தாண்டி ஒரு நிமிஷம் என்று கெஞ்சினாலும் கமிஷனரிடம் பாச்சா பலிக்காது.

மொத்தம் எட்டு டீம். இஸ்திரிக்காரர் ஒரு மேட்ச் விடாமல் பார்த்து, நோட்டுப் போட்டுக் குறித்து, ஆறாவது இடத்தில் இருந்தார். கமிஷனரின் கணவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. பந்து எந்த நிறம் என்றுகூடச் சொல்லத் தெரியாத அவர், பெயர் அழகாக இருக்கிற வீரர்களாகப் பார்த்து எடுத்து மூன்றாவது இடத்தில் இருந்தார். இஸ்திரிக்காரருக்கு இதில் வயிற்றெரிச்சல் சொல்லி மாளாது.

எட்டில் ஒரு டீம் அவளுடைய தம்பியுடையது. அவன் உயரமான கட்டடங்களில் கிரேன் ஓட்டுகிறவன். நாற்பத்தொரு வயதில், மனைவியை இழந்த கண்ணாடிக் கடைக்காரரைக் கட்டிக்கொள்ளப் போவதாக அக்கா சொன்னபோது, "இந்த வயசுல உனக்கு எதுக்குக்கா கல்யாணம்? நாலு பேர் சிரிப்பாங்க" என்றான். "சிரிக்கிறவங்க சிரிக்கட்டும், நீ வந்து வயிறார சாப்பிட்டுட்டுப் போ" என்றாள் இவள். அவன் வரவில்லை. அதோடு பேச்சு அறுந்து நாலு வருஷம் ஆயிற்று.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேன் டிரைவர், விஷயம் தெரியாமல், தனக்குத் தெரிந்த கிரேன்காரர் ஒருவரை லீக்கில் சேர்த்துவிட்டார். பட்டியலைப் பார்த்தால் தம்பி! இவளும் நீக்கவில்லை, அவனும் விலகவில்லை. வெள்ளிதோறும் வேலை முடிந்து கீழே இறங்கியதும், ஆறேகால் வாக்கில் அவன் டீமை மாற்றுவான். மாற்றிய நேரம் அவள் போனில் விழும். ஏறினவன் பத்திரமாக இறங்கிவிட்டான் என்று நினைத்துக்கொண்டு அவள் படுக்கை விரிப்பு எண்ணப் போய்விடுவாள். அதைப் பாசம் என்று யாராவது சொல்லியிருந்தால் அடிக்க வந்திருப்பாள்.

இந்த சீசனில் அவன்தான் முதலிடம். திடீரென்று ஒரு வெள்ளிக்கிழமை டீமில் கை வைக்கவில்லை. மறு வாரமும் இல்லை. விரல் உடைந்த கோல்கீப்பர் அப்படியே கோலில் நின்றுகொண்டிருந்தார். மூன்றாவது வாரமும் அதே கதை. டீம் ஐந்தாம் இடத்துக்குச் சரிந்தது.

"கமிஷனரம்மா, ஆறாவது விதி!" என்று இஸ்திரிக்காரர் மேஜையைத் தட்டினார். "மூணு வாரம் தொடாத டீமைக் கலைச்சிடணும். கலைச்சா, அதுல கோலாப் போடற அந்த ஸ்ட்ரைக்கர் எனக்குத்தான்."

"உமக்கு ஏன்யா? நான்தானே ஆளைச் சேர்த்தேன்!" என்றார் வேன் டிரைவர்.

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று இரண்டு பேரும் நிற்க, கமிஷனர் வேன் டிரைவரைப் பார்த்தாள். "அந்த ஆளு எப்படி இருக்காரு?"

"வேற சைட்டுக்குப் போயிட்டாராம். நான் பார்த்தே ஒரு மாசம் ஆச்சு. நீங்க போன் பண்ணுங்க. கலைக்கறதுக்கு முன்னாடி கமிஷனரே கூப்பிட்டுப் பேசி எச்சரிக்கணும்னு நீங்கதானே எழுதினீங்க?"

அவள்தான் எழுதினாள். போன சீசனில் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்த இஸ்திரிக்காரரின் டீமைக் கலைத்துவிட, மனிதர் திரும்பி வந்து ஒரு வாரம் சோற்றில் கை வைக்காத குறை. அதற்காக ஆறாவது விதியில் சேர்த்த வரி அது.

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்களே, அன்று காலை முழுக்க அவளுக்கு அப்படித்தான் இருந்தது. விரிப்புகளை மூன்று தடவை எண்ணினாள், மூன்று கணக்கு வந்தது. அவ்வளவு உயரம், காற்று, ஒரு கால் வழுக்கினால் போதுமே என்று மனசு அடித்துக்கொண்டது. சாப்பாட்டு நேரத்தில் நேராகக் கணவரின் கடைக்குப் போய், கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து எண்ணை அழுத்தினாள். ஏழு தடவை மணி அடித்தது.

"சொல்லுக்கா."

உயிர் வந்தது. ஆனாலும் குரலை விறைப்பாக வைத்துக்கொண்டாள். "மூணு வாரமா டீமைத் தொடலை. விதிப்படி எச்சரிக்கை குடுக்கறேன். உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"குத்துக்கல்லாட்டம் இருக்கேன்."

"அப்புறம் என்னடா வந்துச்சு உனக்கு? விரல் உடைஞ்சவனைக் கோல்ல நிறுத்தி வச்சிருக்கே! முதல் இடத்துல இருந்த டீமை இப்படியா பாழாக்குவே?"



"நானா கூப்பிட்டா நீ எடுப்பியோ மாட்டியோன்னு பயமா இருந்துச்சுக்கா. அப்பதான் ஆறாவது விதியைப் படிச்சேன். நீ என்னை விட்டாலும் விடுவே, விதியை விட மாட்டே. அதான் தோத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்."

அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்தாற்போல் வந்தன. அழுகைதான் ஜெயித்தது. லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்த கணவர் மெஷினை நிறுத்திவிட்டுப் பதறிப்போய் எழுந்து வந்தார்.

"அழாதேக்கா. அன்னிக்கு நான் பேசினது தப்பு. வராம இருந்தது அதைவிடப் பெரிய தப்பு. மாமா பக்கத்துல இருக்காரா? அவர்கிட்ட குடு."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனை நீட்டினாள்.

"யாரும்மா?" என்றார் கணவர்.

"உங்க மச்சினன்," என்றாள்.