பாஞ்சாலை சொல்லிக்கொடுத்த தீபம்

அடி அண்ணாமலை கிராமத்துப் பாஞ்சாலைக்கு ஏமாறத்தான் தெரியும், ஏமாற்றத் தெரியாது. எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமா முடித்து, திருவண்ணாமலையில் இராமலிங்கம் நடத்திய சோதனைக் கூடத்தில் சேர்ந்தவள். வெளியூர் கம்பெனிகளின் பவர் சப்ளை போர்டுகளை அங்கே சோதித்து, தேறியதை மட்டும் திருப்பி அனுப்புவார்கள். அந்த வேலைதான் அவளுக்குச் சோறு, அதுதான் அவளுக்குப் பேர்.

சோதிக்கிற பெட்டிக்குள் அளக்கும் கார்டுகள் வரிசையாகச் செருகியிருக்கும். ஓரத்தில் இருக்கிற கன்ட்ரோலர்தான் அவற்றுக்கு நாட்டாமை. போர்டு நன்றாகச் சூடேறியதும் கன்ட்ரோலருக்கு 'இனி அளக்கலாம்' என்று ஒரு சைகை, அதாவது ட்ரிகர், வரும். வந்ததும் எல்லாக் கார்டையும் அது ஒன்றாக அளக்கவைக்கும். அதுவரை எவனும் வாய் திறக்கக்கூடாது. சொத்தைப் போர்டு ஆறியிருக்கும்போது மகா யோக்கியன் மாதிரி நடிக்கும், சூடேறினால்தான் சாயம் வெளுக்கும்.

சித்தி மகன் மாறனுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தவள் அவள். தொழில் சொல்லிக் கொடுத்ததும் அவளே.

"மலைமேல தீபம் தெரியாம நம்மூர்ல எந்த வூட்லயாவது வெளக்கு ஏத்துவாங்களாடா? தீபம் வரட்டும், அப்பால அள."

அன்றிலிருந்து அந்தக் கூடத்தில் ட்ரிகருக்குப் பேரே தீபம்.

மாறனுக்குப் பொறுமை கம்மி. 2004-இல் ஒரு பௌர்ணமி. கிரிவலப் பாதையில் நண்பனோடு மோர்க்கடை போட வேண்டும் என்று காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு நின்றான். அக்கா சாப்பிடப் போன நேரம் பார்த்து, ட்ரிகருக்குக் காத்திராமல் உடனே அளக்கும்படி கன்ட்ரோலரை மாற்றினான். அடேயப்பா, ஒரு போர்டுகூடத் தோற்கவில்லை! வேலை முடிந்ததும் பழையபடி மாற்றி வைத்துவிட்டான், கெட்டிக்காரன்.

"அக்கா, எல்லாம் பாஸு. நீ முத்திரை குத்திடு," என்றான். தம்பி சொன்னால் சந்தேகப்படுவாளா? குத்தினாள்.

போர்டுகள் மூட்டையாகத் திரும்பி வந்தன. இராமலிங்கம் மறுபடி சோதித்தார். பாதிக்குமேல் சொத்தை.

"அன்னிக்கு மட்டும் எப்டிம்மா பாஸாச்சு? தீபத்துல யாரு கை வெச்சது?"

பாஞ்சாலைக்கு உடனே விளங்கிவிட்டது. மாறனைப் பார்த்தாள். சொல்லிவிடுவான், என் தம்பி சொல்லிவிடுவான் என்று காத்திருந்தாள்.

"தீபமெல்லாம் அக்காதாங்க பாக்கும். எனுக்கு அதுல ஒண்ணுமே தெரியாதுங்க சார்," என்றான் பாவி.

பேரிலேயே பாஞ்சாலை, சபையில் நிற்கவைக்காமல் விடுவார்களா? அவள் சொன்னது எதுவும் எடுபடவில்லை. முத்திரை அவளுடையதாயிற்றே. நாளை முதல் வரவேண்டாம் என்றார் இராமலிங்கம்.

பஸ் ஸ்டாண்டில் நின்றபோது மாறன் மூச்சிரைக்க ஓடிவந்தான். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறான் என்று அவளுக்கு நெஞ்சு இளகியது.

"அக்கா, ஓனரு பொட்டிய ரீசெட் பண்ணிட்டாரு. தீபம் வர்றதுக்கு அதுல எத்தினாவது லைன வெக்கணும்?"

"மூணாவதுடா," என்று பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது. அவன் திரும்பி ஓடிவிட்டான்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. அவன் துரோகம்கூட அப்போது பெரிதாகத் தெரியவில்லை. தன் வாயும் அவன் பக்கமே நின்றுவிட்டதே என்றுதான் வயிறு எரிந்தது.