ஐந்து தடைக்காலம்

2023 ஜூன் 11, ஞாயிறு. ஐந்து பத்துக்கு எழுந்தேன். காப்பி குடித்தேன். காரைத் துடைத்துவிட்டு மீட்டரைப் பார்த்து எழுதினேன்: 41,286 கிலோமீட்டர். இதை நோட்டில் எழுதாமல் ஒரு நாளும் சாவியைத் திருப்பியதில்லை. ஆறரைக்கு மனைவியும் நானும் அம்பகரத்தூர் கோயிலுக்குக் கிளம்பினோம். அர்ச்சனை முடிந்து எட்டேகாலுக்கு வீட்டுக்குக் கிளம்பினோம்.

சுரக்குடி அருகே வண்டி நின்றது. சத்தமில்லை, புகையில்லை. ஓடிக்கொண்டிருந்த இஞ்சின் ஓடவில்லை, அவ்வளவுதான். மறுபடி சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மட்டும் எதையும் பிடிக்காமல் லேசாகச் சுழன்றது.

எங்கள் மெக்கானிக்குக்கு போன் செய்தேன். அவர் கொட்டகை கருக்களாச்சேரியில் இருக்கிறது. படகு இஞ்சினில் தொழில் பழகி, பிறகு கார்களுக்கு வந்தவர். பன்னிரண்டு வருடமாக என் வண்டிகளை அவர்தான் பார்க்கிறார். அரை மணியில் ஒரு சரக்கு வண்டியை அனுப்பி, கயிறு கட்டி இழுத்துவரச் செய்தார்.

வருடா வருடம் இரண்டு மாதம் வரும் மீன்பிடித் தடைக்காலம் முடிய மூன்று நாள்தான் பாக்கி. கொட்டகை முழுக்கப் படகு இஞ்சின்கள் பிரித்துக் கிடந்தன. ஸ்டூலில் ஒரு படகுக்காரர் உட்கார்ந்திருந்தார். நரைத்த மீசை, மடித்துக் கட்டிய கைலி. அவருடைய இஞ்சினை அன்று பிரிப்பதாகப் பேச்சு. மறுநாள் மாலைக்குள் பூட்டினால்தான் மற்ற படகுகளோடு அவரும் கடலுக்குப் போக முடியும்.

மெக்கானிக் என் காரின் முன்பக்க மூடியைக் கழற்றி, உள்ளே கைவிட்டு ஒரு கறுப்பு நாடாவை இழுத்தார். டைமிங் பெல்ட், வால்வுகளை இஞ்சினோடு ஒத்து ஓடவைக்கும் பட்டை. இரண்டாக அறுந்திருந்தது. பல்லெல்லாம் பொடியாக உதிர்ந்தது.

"வால்வு வளைஞ்சிருக்கும் சார். ஹெட்டை இறக்கணும்."

இஞ்சினின் மேல்பாதியையே இறக்க வேண்டும் என்கிறார். எனக்குத் தலை சூடேறியது.

"ஏழு மாசம் முன்னாடிதானே சர்வீஸ் பண்ணினே? இதைப் பாக்காம வேற என்னத்தைப் பாத்தே?"

அவர் பெல்ட்டையே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "அப்பவே சொன்னேனே சார்."

"சொல்லியிருந்தா என் நோட்டுல இருக்கும். நீ சொல்லவே இல்ல."

ஸ்டூலில் இருந்தவர் எழுந்தார்.

"சாரு ஆபீஸுல இருக்கறவரு, எல்லாத்தையும் எழுதி வக்கிறவரு. அவரு வண்டிக்கே இந்தக் கதின்னா, நடுக்கடல்ல நான் யாரைக் கூப்பிடுறது? இரு தம்பி, நாளைக்குக் காலைல யோசிச்சிச் சொல்றேன். நாகப்பட்டினத்துல ஒரு ஆளு இருக்காரு."

மெக்கானிக் கைத்துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். அந்த ஊரில் ஒரு படகுக்காரர் போனால் நாலு படகுக்காரர்கள் போவார்கள். அது எனக்கும் தெரியும். தெரிந்தும் மனைவியைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்து ஆட்டோ பிடித்தேன்.

ஆட்டோவில் மனைவி வெளிப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். கோட்டுச்சேரி வந்ததும் பேச்சை எடுத்தாள்.

"அவரை எப்ப பாத்தாலும் வாங்க போங்கன்னுதான் பேசுவீங்க. இன்னக்கி நீன்னீங்க."

"கோவம்."

"போன சர்வீஸப்பவே அவரு சொன்னாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். அஞ்சு தடைக்காலம்னு என்னமோ சொன்னாரு, நீங்ககூட சிரிச்சீங்க."

வீட்டுக்கு வந்ததும் நோட்டைப் புரட்டினேன். நவம்பர் 20, ஞாயிறு. என் கையெழுத்து, நீல மை, கோடு மாறாமல்:

'ஆயில், ஃபில்டர் மாற்றம். டைமிங் பெல்ட் மாற்றச் சொல்கிறார். வண்டி ஐந்து தடைக்காலம் பார்த்துவிட்டதாம். உப்புக்காற்று வருடத்தைத்தான் எண்ணும், கிலோமீட்டரை எண்ணாது என்கிறார். என் கார் மீன் பிடிக்கப் போவதில்லை என்றேன். ஒரு லட்சம் கி.மீ.க்கு இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது. தேவையில்லை.'

காரோடு வந்த புத்தகத்தை எடுத்தேன். ஒரு லட்சம் கிலோமீட்டர் அல்லது ஐந்து ஆண்டு, எது முந்துகிறதோ அது என்று அச்சிட்டிருந்தது. 2018 ஜனவரியில் வண்டி வாங்கிய அன்றே அதைப் பார்த்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியவன் நான். கிலோமீட்டரை மட்டும் எழுதியிருந்தேன். தினமும் எண்ணிப் பார்க்க அதுதான் வசதியாக இருந்தது. வீட்டிலிருந்து ஆபீஸ் மூன்று கிலோமீட்டர். எங்கள் ஊரில் எந்தப் பக்கம் ஓட்டினாலும் சீக்கிரமே மாநில எல்லை வந்துவிடும். ஒரு லட்சம் ஓட எனக்குப் பன்னிரண்டு வருடமாவது ஆகியிருக்கும். படகில் மீட்டர் கிடையாது. அதனால் மெக்கானிக் தடைக்காலங்களை எண்ணினார். சரியாக எண்ணியவர் அவர்தான்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அந்த நவம்பர் பக்கத்தை விரலால் பிடித்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். இந்த நோட்டை என்னைத் தவிர யாரும் படிப்பதில்லை. கிழித்தால் யாருக்கும் தெரியாது. அப்படி நினைத்தேன். மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தபோது கையை எடுத்தேன்.

"போன் பண்ணி மன்னிப்பு கேட்டுடறேன்" என்றேன்.

"திட்டினது ஆள் முன்னாடி. மன்னிப்பு மட்டும் போன்லயா?"

அன்று மாலை முழுக்க நோட்டில் ஒரு வரிகூட எழுத முடியவில்லை. மறுநாள் ஆபீஸ் இருக்கிறது, படகுக்காரர் வராமலும் போகலாம், மெக்கானிக்கே மறந்திருப்பார் என்று காரணங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். கணக்காக அடுக்குவதில் எனக்கு எப்போதும் குறை இல்லை.

ஜூன் 12, திங்கள். எழுந்ததும் முதல் வேலையாக, காப்பிகூடக் குடிக்காமல், நோட்டை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு மனைவியின் ஸ்கூட்டரில் கருக்களாச்சேரிக்குப் போனேன். கிளம்பும்போது ஸ்கூட்டரின் மீட்டரைப் பார்க்கவில்லை. கொட்டகை வாசலில் படகுக்காரர் இன்னும் இரண்டு பேரோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் உள்ளே இருந்தார். "கொஞ்சம் வெளியே வாங்க" என்று அவரைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி நவம்பர் 20ஆம் தேதிப் பக்கத்தை முதல் வரியிலிருந்து படித்தேன். 'தேவையில்லை' என்ற சொல்லையும் விடாமல் படித்தேன்.